குட்டிக்கு முதலில் சூடு, அப்புறம்தான் பால்

வணக்கம். கொஞ்சம் தணிந்த குரலில்தான் பேசுகிறேன். பின்னால் தெரிகிற அட்டைப்பெட்டியில் தாய்ப்பூனையும் குட்டிகளும் இப்போதுதான் கண் அசந்திருக்கின்றன. இன்றைக்குப் பேசப் போவது குட்டிகளின் முதல் வாரத்தைப் பற்றி. நிறையக் குட்டிகள் நம் கையை விட்டுப் போவது அந்த வாரத்தில்தான்.

அதற்கு முன்னால் சினைக்காலம் பற்றிச் சுருக்கமாக. பூனைக்கு ஏறக்குறைய ஒன்பது வாரம், அதாவது 63 முதல் 65 நாள். இரண்டு மூன்று நாள் முன்னே பின்னே ஆகலாம். மூன்றாவது வாரத்தில் காம்புகள் சிவந்து தடிக்கும். 45 நாளுக்கு அப்புறம் ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். எத்தனை குட்டி என்று தெரிந்தால்தான், பிரசவத்தன்று இன்னும் ஒன்று உள்ளே இருக்கிறதா இல்லையா என்று தவிக்காமல் இருக்கலாம்.

பிரசவத்தைப் பெரும்பாலும் தாயே பார்த்துக்கொள்ளும். குட்டி வால்பக்கமாக வந்தாலும் பயப்படாதீர்கள், பூனைகளில் அது சகஜம். தாய் பனிக்குடச் சவ்வை நக்கிக் கிழிக்காவிட்டால் மட்டும் நீங்கள் முகத்துப் பக்கம் கிழித்து, மூக்கைத் துடைத்து, துண்டால் தேய்த்துவிடுங்கள். தொப்புள்கொடியைப் பிடித்து இழுக்கவே கூடாது. தாய் அரைமணி நேரம் விடாமல் முக்கியும் குட்டி வரவில்லையா? காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.

சரி, இப்போது முக்கியமான விஷயம். பிறந்த குட்டிக்குத் தன் உடம்பைத் தானே சூடாக வைத்துக்கொள்ளத் தெரியாது. குளிரில் நடுங்கக்கூட அதற்கு வராது. அதனால் முதல் வாரம் பெட்டிக்குள் 30 டிகிரி அளவில் கதகதப்பு வேண்டும். ஹீட்டிங் பேடைத் துணியில் சுற்றி, பெட்டியின் ஒரு பாதியில் மட்டும் வையுங்கள். சூடு அதிகமானால் குட்டி மறுபாதிக்கு ஊர்ந்து போக இடம் இருக்க வேண்டும்.

ஒரு குட்டி சோர்ந்து கிடந்தால் நம் கை தானாகப் பாலைத்தான் தேடும். தயவுசெய்து வேண்டாம். முதலில் அதன் வாய்க்குள் சுண்டுவிரல் நுனியை வைத்துப் பாருங்கள். உள்ளே சில்லென்று இருந்தால் அந்தக் குட்டியின் குடல் வேலை செய்யாது. ஊட்டிய பால் செரிக்காமல் நிற்கும், நுரையீரலுக்குள் போகவும் வாய்ப்புண்டு. உங்கள் நெஞ்சோடு அணைத்து மெதுவாகச் சூடேற்றுங்கள். வாய்க்குள் வெதுவெதுப்பு வந்த பிறகு தாயிடம் விடுங்கள். முதல் நாள் கிடைக்கும் சீம்பாலுக்கு ஈடாக வேறு எதுவும் இல்லை.

அடுத்தது எடை. கேமராவைக் கிட்டே கொண்டு வருகிறேன். சமையலறைத் தராசு, மேலே ஒரு கிண்ணம், உள்ளே துணி. இது கடைசியாகப் பிறந்தவள். பாருங்கள், கண் இன்னும் திறக்கவில்லை, காது தலையோடு ஒட்டிக் கிடக்கிறது, வாய் மட்டும் எதையோ தேடுகிறது. 131 கிராம். நேற்று 119. நல்லது! பிறக்கும்போது 100 கிராமை ஒட்டி இருக்கும், தினமும் 10 முதல் 15 கிராம் ஏற வேண்டும். ஒரு நாள் ஏறாமல் நின்றாலே கவனிக்க வேண்டும், குறைந்தால் மருத்துவரைக் கூப்பிட வேண்டும். குட்டி கத்துவதற்கு முன்னால் தராசு சொல்லிவிடும்.

தாய் இல்லாத குட்டிக்கு மாட்டுப்பால் ஒத்துக்கொள்ளாது. பூனைக்குட்டிக்கென்றே வரும் பால் பவுடர்தான் சரி. இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை, குட்டியைக் குப்புற வைத்துத்தான் ஊட்ட வேண்டும். மல்லாத்திப் பிடித்தால் புரையேறும். ஊட்டிய பிறகு ஈரப்பஞ்சால் பின்பக்கம் தடவிவிடுங்கள். அது இல்லாமல் அதற்கு ஒன்றுக்கும் போகாது, இரண்டுக்கும் போகாது.

குட்டிகளையே பார்த்துக்கொண்டு தாயை மறந்துவிடக் கூடாது. பால் கொடுக்கிற பூனைக்கு உடம்பு உதறுகிறது, நடை விறைக்கிறது, மூச்சு வாங்குகிறது என்றால் இரத்தத்தில் கால்சியம் இறங்கியிருக்கலாம். விடியட்டும் என்று இருக்காதீர்கள், அந்த நேரமே கிளம்புங்கள். இன்னொன்று, பால் கொடுக்கும்போதே பூனை மறுபடி சினையாகும். குட்டிகள் பால் மறக்கும் வரை அவளை வெளியே விடாதீர்கள், அப்புறம் கருத்தடை அறுவைக்கு நாள் குறித்துவிடுங்கள்.