ஆக்-பைத்தல் கணவாய்: ஒரே சீராகச் சுற்றிய பெடல்

வணக்கம் நேயர்களே.

வானொலியையும் சைக்கிளையும் என்னால் பிரித்துப் பார்க்க முடியாது. 1990களின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பற்றரி உள்ளே வரத் தடை. இரவுச் செய்தி கேட்க வேண்டுமென்றால் அப்பாவின் றலி சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, டைனமோவிலிருந்து ரேடியோவுக்கு வயர் இழுத்து, யாராவது ஒருவர் பெடலைச் சுற்ற வேண்டும். எங்கள் வீட்டில் அது என் வேலை. கை தளர்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரல் தேய்ந்து போகும். அவசரப்பட்டுச் சுற்றினால் கொஞ்ச நேரத்தில் களைத்துவிடுவேன். "ஒரே சீராச் சுத்து பிள்ளை" என்பார் அப்பா. அந்தச் சொல் பல வருடங்கள் கழித்து, கடலிலிருந்து வெகு தொலைவில், ஒரு பாலைவன மலைக் கணவாயில் எனக்குக் கைகொடுத்தது. இன்று அதைத்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

2017 ஜூலையில் நானும் என் மச்சாளும் தஜிகிஸ்தானின் பாமிர் மலைப்பகுதியில் சைக்கிள் ஓடினோம். சோவியத் காலத்தில், 1930களில், ஓஷ் நகரையும் கோரோக் நகரையும் இணைக்கப் போட்ட பாதை அது. பாமிர் நெடுஞ்சாலை என்று பெயர். முர்காப் என்ற சிற்றூரிலிருந்து வடக்கே கிர்கிஸ்தான் எல்லை வரைக்கும் உள்ள பகுதிதான் நான் சொல்லப்போவது. வழியில் ஆக்-பைத்தல் கணவாய். உயரம் 4,655 மீற்றர். கிர்கிஸ் மொழியில் அந்தப் பெயருக்கு வெள்ளைப் பெட்டைக் குதிரை என்று பொருள்.

இந்த உயரம் எவ்வளவு என்று நம் ஊர் அளவில் சொல்கிறேன். நம் நாட்டின் மிக உயர்ந்த மலை பிதுருதலாகலை, 2,524 மீற்றர். முர்காப் ஊரே அந்த உச்சியை விட ஒரு கிலோமீற்றருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. அங்கே பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள், சந்தை நடக்கிறது. கணவாய் அதற்கும் ஆயிரம் மீற்றர் மேலே. அங்கே காற்றின் அழுத்தம் கொழும்புக் கடலோரக் காலிமுகத்திடலில் இருப்பதில் பாதியை விடச் சற்றுத்தான் அதிகம்.

அவ்வளவு உயரம் என்றால் பச்சையும் பனியுமாக இருக்கும் என்று நினைப்போம். பாமிரின் கிழக்குப் பகுதி பாலைவனம். நம் மலைநாட்டை நினைத்துப் பாருங்கள். தென்மேற்குப் பருவக்காற்று ஹட்டன் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு மலையைத் தாண்டும்போது, வெலிமடைப் பக்கம் வறண்ட காற்றுத்தான் வீசும். பாமிரிலும் அதே கதைதான், பல மடங்கு பெரிதாக. சுற்றியுள்ள பெருமலைகள் ஈரத்தை எல்லாம் பிடித்துக்கொள்கின்றன. காராகுல் ஏரிப் பகுதியில் ஒரு வருடத்துக்குப் பெய்யும் மழை 100 மில்லிமீற்றருக்கும் குறைவு. கொழும்பில் ஐப்பசி மாதத்தில் சில நாட்களிலேயே அவ்வளவு பெய்துவிடும். அதனால் மரம் கிடையாது. மஞ்சள், காவி, ஊதா, சாம்பல் என்று மண்ணே நிறம் மாறிக்கொண்டு போகிறது. மேகத்தின் நிழல் ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்கு நகர்வதை முழுக்கப் பார்க்கலாம். அந்த அழகை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அப்புறம் அந்த வேலி. முர்காப்பிலிருந்து வடக்கே போகையில், மரக்கம்பங்களும் முள்ளுக்கம்பியுமாக ஒரு வேலி பாதையின் கிழக்கே கூடவே வருகிறது. சோவியத் காலத்தில் சீன எல்லைப் பகுதியை மறிக்கப் போட்டது. உண்மையான எல்லை இன்னும் தள்ளி, மலைமுகட்டில். காரில் போகிறவர்களுக்கு அது ஒரு காட்சி. எங்களுக்கு மணிக்கணக்கில் வழித்துணை. முட்கம்பியைப் பார்த்து வளர்ந்தவள் நான். ஆனாலும் ஆளே இல்லாத இடத்தில், எதையும் எதிலிருந்தும் பிரிக்காமல் நிற்கிற வேலியை அங்கேதான் முதல்முதலாகப் பார்த்தேன். சில இடங்களில் கம்பங்கள் சாய்ந்து கிடந்தன. இரு பக்கமும் ஒரே மண், ஒரே காற்று.

ஏற்றத்துக்கு நாங்கள் ஆயத்தப்பட்ட விதத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் போக விரும்புகிறவர்கள் இதில்தான் தவறுவார்கள். கடுகண்ணாவையிலும் இராம்பொடையிலும் ஆறு மாதம் ஏறிப் பழகினோம். அது காலுக்கு. உயரத்துக்கு அந்தப் பழக்கம் உதவாது. 3,000 மீற்றருக்கு மேலே, இரவு படுக்கும் இடத்தை ஒரு நாளில் 500 மீற்றருக்கு மேல் உயர்த்தக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஓய்வு வேண்டும். தலையிடி, வாந்தி, நடை தள்ளாடுவது, இவை வந்தால் மேலே போகாமல் இறங்க வேண்டும். இளவயதுக்காரர், நல்ல ஓட்டக்காரர் என்று உயரம் ஆள் பார்ப்பதில்லை. முர்காப்பில் நாங்கள் இரண்டு நாள் சும்மா இருந்தோம். அந்தச் சும்மா இருத்தல்தான் எங்களைக் கரையேற்றியது.

பிற்பகலில் எதிர்காற்று எழும்பிவிடும் என்பதால் விடியவே புறப்பட்டோம். கணவாய்க்கு முந்தின கடைசி சில கிலோமீற்றர்தான் செங்குத்து. தார் போய் மண்பாதை வந்தது, அலை அலையாக, தகரக்கூரை போல. அந்த அதிர்வில் என் கரியரின் ஆணி கழன்று எங்கேயோ விழுந்துவிட்டது. பழைய ரியூபை வெட்டிய பட்டி ஒன்று என்னிடம் இருந்தது. யாழ்ப்பாணத்தில் விறகு முதல் நெல் மூட்டை வரை கட்டிய அதே முறையில் பையை இறுக்கிக் கட்டினேன். பயணம் முடியும்வரை அது அவிழவில்லை.

"மச்சாள், தலை இடிக்குதோ?" என்று கேட்டேன்.

"இல்லை. மூச்சுத்தான் காணாது."

நூறு மிதி மிதித்து நின்றோம். பிறகு ஐம்பது. அப்புறம் இறங்கித் தள்ளினோம். தள்ளுவதில் எனக்கு எந்த வெட்கமும் இருக்கவில்லை. பாரம் ஏற்றிய சைக்கிளை மைல் கணக்கில் தள்ளிக்கொண்டு போன மனிதர்களின் ஊரில் பிறந்தவள் நான். ஒரே சீராக, ஒரே சீராக என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு காலடி வைத்தேன். மேலே போய்ச் சேர்ந்தபோது மச்சாள் தரையில் உட்கார்ந்து அழுதாள். நானும்தான்.

மறுபக்கம் இறங்கினால் காராகுல் ஏரி. விண்கல் விழுந்து உண்டான பெருங்குழியில், ஏறக்குறைய 3,960 மீற்றர் உயரத்தில், வெளியேற வழியில்லாத உப்புநீர். கறுப்பு ஏரி என்று பெயர், நாங்கள் கண்டதோ கடும் நீலம். கரையோர ஊரில் ஒரு கிர்கிஸ் அம்மா எங்களைத் தங்க வைத்தார். கொண்டுபோன மலைநாட்டுத் தேயிலையைக் கொடுத்தேன். அங்கே தண்ணீர் 90 பாகைக்கு முன்பே கொதித்துவிடும், சாயம் மெதுவாகத்தான் இறங்கும். பாலில்லாத தேத்தண்ணியை எங்கள் வீட்டு பிளேன்ரீ போலவே ஊற்றித் தந்தார். எனக்கு அவர் மொழி தெரியாது. "சாய்" என்ற ஒரு சொல் இருவருக்கும் போதுமாக இருந்தது.

அடுத்தது எல்லைக் கணவாய், கிசில்-ஆர்ட், 4,280 மீற்றர். இரு நாட்டுக் காவல் நிலையங்களுக்கும் நடுவே ஏறக்குறைய 20 கிலோமீற்றர், யாரும் இல்லாத செம்மண் நிலம். 2021இல் இரு நாடுகளுக்கும் நடந்த மோதலுக்குப் பிறகு எல்லை மூடப்பட்டது என்று கேட்டபோது அந்த அம்மாவைத்தான் நினைத்தேன். அவர் பேசுவது எல்லைக்கு அப்பால் உள்ளவர்களின் மொழி. 2025 மார்ச்சில் இரு நாடுகளும் எல்லை உடன்படிக்கையில் கையெழுத்திட்ட செய்தி வந்த அன்று மச்சாளுக்குத்தான் முதலில் போன் எடுத்தேன்.

கிர்கிஸ் பக்கம் இறங்க இறங்க, அலாய் பள்ளத்தாக்கு விரிந்தது. பல நாட்களுக்குப் பிறகு கண்ணுக்குப் புல் தெரிந்தது, பச்சையாக, அடிவானம் வரைக்கும். சரி-தாஷ் ஊர் தெரியும் தூரத்தில் ஒரு மேகம் எங்களைப் பிடித்துக்கொண்டது. பைக்குள் மழைக்கோட்டு இருந்தது. இருவரும் அதை எடுக்கவில்லை.

வணக்கம்.