சம்பளம் யார் கைக்கு வருகிறது?

நடுவர் அவர்களே, எதிரணியில் இருக்கும் அண்ணன்மாரே, தங்கச்சிமாரே, மலேசியாவின் இந்தச் சுங்கை சிப்புட்டின் நாலா பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் இந்தக் கோயில் மண்டபத்துக்கு வந்திருக்கும் பெரியவர்களே, எல்லாருக்கும் வணக்கம்.

பணியில் இருக்கும்போது இறந்துபோன அரசு ஊழியரின் குடும்பத்தில் ஒருவருக்குக் கருணை அடிப்படையில் வேலை கொடுப்பது நியாயமா, அநியாயமா என்பது தலைப்பு. தமிழ்நாட்டில் பேச்சுவழக்கில் இதை வாரிசு வேலை என்கிறார்கள். எனக்கு அந்தச் சொல் பிடிக்காது. வாரிசு என்றவுடன் சொத்து நினைவுக்கு வந்துவிடுகிறது. எதிரணித் தலைவரும் அங்கேதான் போனார். "அரசாங்க வேலை என்ன அப்பன் வீட்டுச் சொத்தா?" என்று கேட்டார், நீங்களும் கைதட்டினீர்கள்.

அண்ணன் 1994ஆம் ஆண்டின் இந்திய உச்ச நீதிமன்றத் தீர்ப்பை, அந்த ஹரியானா வழக்கை, எடுத்து வைத்தார். கருணை வேலை யாருக்கும் உரிமை ஆகாது என்று அதில் இருப்பது உண்மைதான். ஆனால் எதற்காக இந்த வேலை என்பதும் அதே தீர்ப்பில் இருக்கிறது. சம்பாதித்தவர் திடீரென்று போய்விட்டதால் நிலைகுலைந்த குடும்பம் அந்த நெருக்கடியைத் தாண்ட வேண்டும், அதற்காக. கடைநிலைப் பணிகளில்தான் கொடுக்கலாம் என்றும் வரம்பு கட்டியிருக்கிறது. யாரும் இங்கே கலெக்டர் நாற்காலியைக் கேட்கவில்லை.

நெருக்கடி என்றால் என்ன என்று எனக்குத் தெரிந்த இடத்திலிருந்து சொல்கிறேன். 1968. எனக்குப் பத்து வயது. தோட்டத்தின் பெயர் வேண்டாம். அப்பா கித்தா மரம் வெட்டுகிறவர், அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவிப் பால் எடுக்கிறவர். ஒருநாள் விடியற்காலை, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அம்மா காண்டிராக்டில் புல்லு வெட்டப் போய்க்கொண்டிருந்தாள். அவள் பெயர் செக்ரோலில், அதாவது தோட்டத்து ஆள்பதிவேட்டில், கிடையாது. லயத்துச் சனம், தோட்டம் கொடுத்த வரிசை வீடுகளில் இருந்தவர்கள், ஆளுக்கு ஒரு வெள்ளி, இரண்டு வெள்ளி என்று போட்டு ஒரு தொகை சேர்த்துக் கொடுத்தது. அந்தப் பணம் எங்கே போனது? கருமாதிச் செலவைப் பார்த்துக்கொள்கிறேன் என்று பெரியப்பா பாதியை வாங்கிக்கொண்டார். கடைக்காரர் கடன் நோட்டோடு வாசலில் வந்து உட்கார்ந்தார். பதினாறாம் நாள் முடிந்தபோது அம்மாவின் முந்தானை முடிச்சில் ஏழு வெள்ளி இருந்தது. மறுநாள் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி வந்தார். "லயம் வேல செய்றவங்களுக்குத்தாம்மா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அம்மா முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

அம்மா பணம் கேட்கவில்லை. "எம் பேர எழுதிக்குங்கய்யா" என்று கேட்டாள்.

எழுதினார்கள். அப்பாவின் பால்வெட்டுக் கத்தி அம்மா கைக்கு வந்தது. முதல் மாதம் பட்டையைத் தாண்டி மரத்துக்குள்ளேயே இறங்கிவிடும். காயம் பட்ட ஒவ்வொரு மரத்துக்கும் கங்காணியிடம் வசவு. மூன்றாம் மாதம் கை பழகிவிட்டது. சம்பள நாளன்று ரேகை வைத்து அவள் வாங்கிய பணத்தில் பெரியப்பாவுக்கு வாய் திறக்க வழியில்லை. செத்தவர் பெயரில் வந்த பணம் என்றால் நாலு பேர் உரிமை கொண்டாடுவார்கள். விடியுமுன் எழுந்துபோய் அவளே வெட்டிச் சம்பாதித்ததை யார் கேட்பது? நடுவர் அவர்களே, எங்கள் அணி பிடித்து நிற்கும் இடம் இதுதான். மொத்தமாகக் கொடுக்கிற பணம் வீட்டுக்குள் நுழைவதற்குள் கரைந்துவிடும். வேலை என்றால் மாதாமாதம் அந்தப் பெண்ணின் கையிலேயே வந்து சேரும்.

எதிரணித் தங்கச்சி, "மலேசியாவில் வேலையா கொடுக்கிறார்கள்? தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம், பெர்கேசோ, பென்ஷன் கொடுக்கிறதே, அது போதாதா?" என்று கேட்டார். நல்ல கேள்வி. பெர்கேசோவை நான் குறை சொல்ல மாட்டேன். அதற்கான சட்டமே 1969இல்தான் வந்தது. அப்பா இறந்தபோது அப்படி ஒரு பென்ஷன் இருந்திருந்தால் என் அம்மாவும் கும்பிட்டு வாங்கியிருப்பாள். ஆனால் அந்தப் பென்ஷன் இறந்தவருடைய சம்பளத்தில் ஒரு பங்குதான், தங்கச்சி. அந்தப் பங்கிலும் மனைவிக்கு ஐந்தில் மூன்று, பிள்ளைகளுக்கு ஐந்தில் இரண்டு. மரம் வெட்டுகிறவரின் சம்பளத்தில் ஒரு பங்கு எவ்வளவு வரும் என்று இந்த மண்டபத்தில் யாருக்கும் நான் கணக்குப் போட்டுக் காட்ட வேண்டியதில்லை. லயத்து வீட்டையும் அந்தப் பென்ஷன் காப்பாற்றித் தராது. அந்த வீட்டைக் காப்பாற்றியது செக்ரோலில் ஏறிய பெயர்.

தமிழ்நாட்டில் நிலைமை இன்னும் சிக்கல். அங்கே 2003 ஏப்ரல் 1 முதல் வேலைக்குச் சேர்ந்தவர்களைப் பழைய ஓய்வூதியத்தில் சேர்க்காமல், மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துக் கணக்கில் சேர்க்கும் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். சேர்ந்து ஏழெட்டு வருடத்தில் இறந்துபோனவரின் கணக்கில் எவ்வளவு சேர்ந்திருக்கும்? புதுக்கோட்டைப் பக்கம் என் அத்தை மகள் இருக்கிறாள். அவள் வீட்டுக்காரர் அரசு அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்தவர், விபத்தில் போய்விட்டார். மூன்று வருடத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்ற விதி இருப்பதால் அலைந்து திரிந்து அவள் சேர்த்த காகிதங்களை நானே பார்த்தேன். ஊருக்குப் போயிருந்தபோது ஒரு துணிக்கடைப் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, வறுமையில் இருக்கிறோம் என்று தாசில்தார் தரும் சான்று, எங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று மாமியாரும் பிள்ளைகளும் போட்ட கையெழுத்து. மடிப்பு மடிப்பாகக் கிழிந்து, பின்பக்கம் செலோடேப் ஒட்டி வைத்திருந்தாள். ஒன்பது வருடம் கழித்து அலுவலக உதவியாளர் வேலைக்கு ஆணை வந்தது. அதற்குள் மூத்த பையன் பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டு, திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான்.

இந்த இடத்தில் எதிரணி ஒரு வாதம் வைத்தது. இத்தனை வருடம் பிழைத்துவிட்டார்களே, அப்புறம் எங்கே நெருக்கடி என்று கேட்டார்கள். 2023இல் மேற்கு வங்க வழக்கில் உச்ச நீதிமன்றமும், காலம் கடந்துவிட்டால் இந்த வேலையின் நோக்கமே இல்லாமல் போய்விடும் என்ற பொருளில் சொல்லியிருக்கிறது. அதைக் கேட்டு எனக்கு நெஞ்சு பதறியது. கோப்பைத் தூங்க வைத்தது அலுவலகம். பிழைத்துக்கிடந்த குற்றம் மட்டும் விதவையுடையதா? 1989இல் இதே உச்ச நீதிமன்றம் வேறு ஒரு வழக்கைப் பார்த்தது. எல்லைச் சாலைத் துறையில் பண்டகக் காப்பாளர் ஒருவர் 1982இல் இறந்துபோனார். அவர் மனைவி எழுத்துத் தேர்வு எழுதித் தேறியும், பெண்களை எடுப்பதற்குத் தடை வந்துவிட்டது என்று 1985இல் கைவிரித்தார்கள். தாமதம் கூடவே கூடாது, காலியிடம் இல்லையென்றால் புதிதாக ஓர் இடத்தை உண்டாக்கியாவது கொடுக்க வேண்டும் என்றது நீதிமன்றம். தாமதம் தப்பு என்றால் தாமதத்தை ஒழியுங்கள். வேலையை ஏன் ஒழிக்க வேண்டும்?

பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளின் வயிற்றில் அடிக்கலாமா என்று அண்ணன் குரலை உயர்த்திக் கேட்டார். நான் முப்பது வருடம் தமிழ்ப்பள்ளியில் பாடம் நடத்தியவள். படிக்கிற பிள்ளையின் வலி எனக்கும் தெரியும். இந்திய மத்திய அரசில் இதற்கு ஒதுக்கீடு, நேரடி நியமனத்துக்குரிய கீழ்நிலைப் பணிகளான ‘சி’ பிரிவு இடங்களில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் போகக்கூடாது. மிச்சம் தொண்ணூற்றைந்து இருக்கிறது. அந்த ஐந்துக்குள் வசதியான வீட்டுக்காரர் புகுந்தால் தடுங்கள், நானும் கூட வருகிறேன். கல்யாணமாகிவிட்டது என்று மகளைத் தள்ளி வைத்த விதியையும் கர்நாடக உயர் நீதிமன்றம் 2020இல் செல்லாது என்று சொல்லிவிட்டது. தாயைத் தன்னோடு வைத்துப் பார்த்துக்கொள்வது பல வீடுகளில் அந்த மகள்தானே.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். ஒன்றே ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். அம்மாவின் பெயர் செக்ரோலில் ஏறியது அப்பா இறந்த இருபத்திரண்டாம் நாள். கம்ப்யூட்டர் இல்லாத காலம், ஒரு கிராணி, ஒரு நோட்டு, ஒரு பேனா. என் அத்தை மகளுக்கு ஒன்பது வருடம் ஆனது. நடுவர் அவர்களே, உங்கள் தீர்ப்பை எங்கள் பக்கம் கொடுங்கள். கொடுக்கும்போது, விண்ணப்பத்தை வாங்கிய அலுவலகம் எத்தனை நாளில் பதில் சொல்ல வேண்டும் என்பதையும் அதில் சேர்த்துச் சொல்லுங்கள்.