கேபிள் சுருட்டக் கொடுத்துவிட்டார், மக்களே!

வணக்கம் மக்களே! குரல் கொஞ்சம் கரகரப்பாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஓப்பன் மைக் (யார் வேண்டுமானாலும் மேடையேறிப் பாடலாம், வாசிக்கலாம் என்கிற நிகழ்ச்சி) முடிந்து இப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்தேன். காலையில் நிதானமாக எடுக்கலாம் என்று நினைத்தேன், ஆனால் காலைக்குள் இந்தச் சந்தோஷம் ஆறிப்போய்விடும். விஷயம் இதுதான்: சவுண்ட் அண்ணா இன்றைக்கு என் கையில் கேபிளைக் கொடுத்தார்.

இந்தச் சேனலைத் தொடர்ந்து பார்க்கிறவர்கள் இந்நேரம் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பீர்கள். புதிதாக வந்தவர்களுக்குச் சொல்கிறேன். நான் வழக்கமாகப் போகிற அந்தச் சின்ன அரங்கில், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸர் கருவிக்குப் பின்னால் ஒரு மனிதர் இருப்பார், அவர்தான் சவுண்ட் அண்ணா. தங்கமானவர், ஆனால் அவருடைய கேபிளை யாராவது தொட்டால் மட்டும் முகம் மாறிவிடும். மேடையில் வாசித்தவர்களே மரியாதைக்காகச் சுருட்டிக் கொடுப்பார்கள். சிரித்துக்கொண்டே வாங்கி வைத்துவிட்டு, அவர்கள் கிளம்பியதும் பிரித்துப் போட்டு மறுபடி சுருட்டுவார். அந்த மனிதர் "இந்தா தம்பி, இதைச் சுருட்டு" என்றால் எப்படி இருக்கும்? எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

கேபிள் சுருட்டுவதில் என்ன இருக்கிறது என்று மட்டும் கேட்காதீர்கள். நிறைய இருக்கிறது, இன்றைக்கு முழுசாகச் சொல்லாமல் விடப்போவதில்லை. பாதிப் பேர் என்ன செய்வார்கள்? உள்ளங்கைக்கும் முழங்கைக்கும் நடுவே சரசரவென்று சுற்றுவார்கள். பார்க்க வேகமாக, தேர்ந்த ஆள் போலத் தெரியும். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் கேபிள் ஒரு முறுக்கு ஏற்றிக்கொள்ளும், அதுவும் எல்லாம் ஒரே பக்கமாக. உள்ளே இருப்பவை மெல்லிய செப்புக் கம்பிகள். முறுக்கி முறுக்கி நாளடைவில் எங்காவது அறுந்துபோகும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒருநாள் பாட்டின் நடுவே கரகரவென்று கத்தும்போதுதான் தெரியும்.

இதற்கு ஓவர்-அண்டர் என்று ஒரு முறை உண்டு. முதல் வளையத்தைச் சாதாரணமாகப் போட வேண்டும். அடுத்த வளையத்துக்கு மணிக்கட்டைத் திருப்பி, கேபிளை அடிப்பக்கமாகக் கவிழ்த்துப் போட வேண்டும். அப்புறம் ஒரு நேர், ஒரு கவிழ், இப்படியே போகும். நேர் வளையத்தில் ஏறிய முறுக்கைக் கவிழ் வளையம் எடுத்துவிடும். சுருள் அடங்கித் தட்டையாகப் படுக்கும். பழைய மைக் கேபிள் ஒன்றை வைத்துக்கொண்டு நான் வீட்டில் பழகிய லட்சணத்தைத்தான் ஏற்கெனவே வீடியோவாகப் போட்டிருக்கிறேனே, பார்த்துச் சிரித்துக்கொள்ளுங்கள்.

சரி, இன்றைக்கு என்ன ஆனது? சுருட்டிக் கொடுத்தேன். வாங்கினார். ஒரு முனையைக் கையில் பிடித்துக்கொண்டு, சுருளை அப்படியே மேடையின் குறுக்கே வீசினார். நேராக ஓடியது மக்களே! ஒரு திருகல் இல்லை, ஒரு முடிச்சு இல்லை! அவர் நல்லது கெட்டது எதுவும் சொல்லவில்லை. அடுத்த கேபிளை நீட்டினார். அவர் அகராதியில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது.

ஆங், முனையைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். சுருட்டி முடித்ததும் முனை வளையங்களுக்கு நடுவே புகுந்துவிடக் கூடாது. புகுந்தால், இழுக்கும்போது வரிசையாக முடிச்சு விழும். இந்த முறையில் இருக்கும் ஒரே ஆபத்து அதுதான். அதனால்தான் சுருட்டியதும் முனைப்பக்கத்தை ஒரு பட்டையால் கட்டிவிடுகிறார்கள்.

இவ்வளவு நேரம் கேபிளைப் பற்றிப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. ஒவ்வொரு வீடியோவுக்குக் கீழும் யாராவது ஒருவர் கேட்கிறார்: "எனக்குப் பாடவும் வராது, வாசிக்கவும் வராது. அங்கே போய் யாரிடம் என்ன பேசுவது?" பேச வேண்டாம் என்கிறேன் நான். சீக்கிரம் போங்கள், கடைசியில் கிளம்புங்கள், நடுவில் கைக்கு ஏதாவது வேலை கிடைக்கும். நாற்காலி போட வேண்டியிருக்கும், ஸ்டாண்டைத் தூக்க வேண்டியிருக்கும். கச்சேரி ஆரம்பித்த பிறகு வந்து, முடிவதற்குள் போகிறவருக்கு அந்த அரங்கில் யாரையும் தெரியாமல்தான் இருக்கும். அதற்கு அரங்கைக் குறை சொல்லி என்ன பயன்?

சீக்கிரம் போனால் சவுண்ட் செக், அதாவது கச்சேரிக்கு முன்னால் வாசித்துப் பார்த்துச் சத்தத்தைச் சரிசெய்வதை, கேட்கலாம். எனக்குக் கச்சேரியைவிட அது பிடிக்கும், சிரிக்காதீர்கள். காலி அரங்கில் டிரம்ஸில் இருக்கும் சிம்பல் தட்டின் சத்தம் சுவருக்குச் சுவர் மோதிக் கணீர் கணீரென்று அலறும். அதே அரங்கில் ஆள் நிறைந்ததும் அந்தக் கூர்மை அடங்கிவிடும், ஏனென்றால் மனித உடம்பும் துணியும் மேல் சுரங்களின் சத்தத்தை உறிஞ்சிக்கொள்கின்றன. சவுண்ட் அண்ணா அதை மனதில் வைத்துத்தான் காலி அரங்கில் அளவுகளை வைப்பார், ஆள் வந்ததும் மறுபடி திருத்துவார். ஆக, மூலையில் சும்மா நிற்கிறவருக்கும் அந்தச் சத்தத்தில் ஒரு பங்கு உண்டு. ஒன்றுமே செய்யத் தெரியாது என்று சொல்கிறவர்கள் வந்து நின்றாலே புண்ணியம்.

இப்போது எரிச்சல் பகுதி. மைக்கின் தலையைக் கையால் பொத்திக்கொண்டு பாடுகிறவர்கள்! ஸ்டைலாம். மேடைகளில் நீங்கள் அடிக்கடி பார்க்கும் அந்த உருண்டைத் தலை மைக், ஷ்யூர் நிறுவனத்தின் எஸ்.எம்.58, 1966இல் வந்தது. முன்னால் வரும் சத்தத்தை நன்றாக வாங்கும், பின்னால் வருவதைப் பெரும்பாலும் ஒதுக்கிவிடும். அதனால்தான் பாடுபவர் கேட்பதற்கான மானிட்டர் ஸ்பீக்கரை மைக்கின் முதுகுப் பக்கமாக வைக்கிறார்கள். அந்தத் தலையைப் பொத்தினால், பின்சத்தத்தை ஒதுக்க விட்டிருக்கும் துளைகளும் அடைபடும். அப்புறம் மைக் எல்லாப் பக்கத்துச் சத்தத்தையும் வாங்கும். மானிட்டரில் வருவது மைக்குக்குள் போய், மைக்கிலிருந்து மறுபடி மானிட்டருக்கு வந்து, 'கீ...' என்று ஒரு ஊளை! இன்றைக்கும் ஒருவர் செய்தார். கூட்டத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் காதைப் பொத்தினோம், அவர் மட்டும் பொத்தவில்லை. அவர் கை மைக்கில் அல்லவா இருந்தது.

அதைவிட மோசம், மெதுவான பாட்டின்போது பின்வரிசையில் நின்று ஊர்க்கதை பேசுகிறவர்கள். சத்தத்தைக் கூட்டிச் சமாளிக்கலாம் என்றால், ஒரு அளவுக்கு மேல் கூட்டினால் அதே ஊளை வரும். சவுண்ட் அண்ணாவால் என்ன செய்ய முடியும்? திரும்பிப் பார்த்து முறைக்க முடியும். முறைத்தார். நானும் சேர்ந்து முறைத்தேன். ஒரு கூட்டத்தோடு ஒட்டிக்கொள்ள சேர்ந்து முறைப்பதும் நல்ல வழிதான்.

அப்புறம், வழக்கமான பல்லவி: இயர்பிளக், சத்தத்தைக் குறைக்கக் காதில் வைக்கும் அடைப்பான். போரடித்தாலும் சொல்வேன். அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் வைத்திருக்கும் கணக்குப்படி 85 டெசிபல் அளவுச் சத்தத்தில் 8 மணி நேரம் இருக்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்கு வரும்போது கையில் மிஞ்சுவது 15 நிமிடம்தான். சின்ன அரங்கில் டிரம்ஸ் பக்கத்தில் நிற்பவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். நுரையில் செய்தது எனக்கு ஆகவே ஆகாது, மேல் சுரங்களை அமுக்கித் தலையணைக்குள் பாட்டுக் கேட்பதுபோல் ஆக்கிவிடும். எல்லாச் சுரத்தையும் ஒரே அளவில் குறைக்கும் வடிகட்டி வைத்தது கிடைக்கிறது, அதை வாங்குங்கள். பையில் ஒரு ஜோடி கூடுதலாகவும் வையுங்கள். காதில் விரலை விட்டுக்கொண்டு தவித்த ஒரு அக்காவுக்கு நான் அப்படித்தான் கொடுத்தேன். அவர் பேஸ் கிட்டார் வாசிப்பார் என்று எனக்கு அப்போது தெரியாது. இப்போது அவர்தான் எனக்கு இடம் பிடித்து வைக்கிறார்.

பாட்டு ஆட்களை ஒட்டவைக்கும் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது எனக்குப் பிடிக்காது. ஆனால் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ராபின் டன்பார் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. பெரியவர்களுக்கான வகுப்புகளை ஏழு மாதம் கவனித்தார்கள். சிலவற்றில் பாட்டு, மற்றவற்றில் கைவினை, எழுத்து. பாட்டு வகுப்பில் இருந்தவர்கள் சட்டென்று நெருங்கிவிட்டார்கள். ஆனால் ஏழு மாதம் முடிந்தபோது மற்ற வகுப்புக்காரர்களும் அதே அளவு நெருக்கத்துக்கு வந்திருந்தார்கள்! பாட்டு முதல் தயக்கத்தைச் சீக்கிரம் உடைக்கிறது, மீதியைச் செய்வது திரும்பத் திரும்ப வருவதுதான். கடைசிப் பாட்டின் பல்லவியைக் கூட்டத்தையே பாடச் சொல்லும்போது நானும் வாயைத் திறக்கிறேன். என் குரல் உங்களுக்குத் தெரியும், இருந்தும் திறக்கிறேன்.

இன்னொன்று. அங்கே பலருடைய பெயர் எனக்குத் தெரியாது. பேஸ் அக்கா, சவுண்ட் அண்ணா, முதல் வரிசைத் தாத்தா, அவ்வளவுதான். இடையில் தாத்தா ஒரு முறை வரவில்லை. இடைவேளையில் ஆளாளுக்கு அவரைத்தான் விசாரித்தார்கள். பேத்தியைப் பார்க்கப் போயிருந்தாராம், இன்றைக்கு வந்து பெருமையாகச் சொன்னார். மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973லேயே எழுதியிருக்கிறார், அரைகுறைப் பழக்கமுள்ளவர்கள் வழியாகத்தான் புதிய தகவலும் வேலை வாய்ப்பும் அதிகம் வருகின்றன என்று. நெருங்கிய நண்பனுக்குத் தெரிந்தது நமக்கும் ஏற்கெனவே தெரிந்திருக்கும் அல்லவா? எனக்கு வேலை எதுவும் வரவில்லை. கேபிள் வந்தது.

சரி, தூக்கம் வருகிறது. அடுத்த முறை மானிட்டரை எங்கே எப்படி வைப்பது என்று சொல்லித் தருவதாகச் சவுண்ட் அண்ணா சொல்லியிருக்கிறார். ஒரே ஒரு நிபந்தனை, கேமரா வரக் கூடாதாம். இரண்டு கையும் வேண்டுமாம். அதனால் அடுத்த வாரம் வீடியோ கிடையாது, திட்டாதீர்கள்.