சுட்டவர்களைக் காட்டும் ‘சுட்ட’ படம்! அமெரிக்கப் பள்ளியில் இதை ஏன் பாடமாக வைத்திருக்கிறார்கள்?

[திரையில்: பால் ரிவியரின் 1770 செதுக்குப்படம். தலைப்பும் பெயரும் மறைத்திருக்க வேண்டும்.]

இந்தப் படத்தைப் பத்து நொடி பாருங்கள். அதுவரை நான் வாயைத் திறக்க மாட்டேன்.

[பத்து நொடி அமைதி]

என்ன தெரிந்தது? வலது பக்கம் சிவப்புக் கோட்டுப் போட்ட சிப்பாய்கள், ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி ஒரே வரிசை. அவர்களுக்குப் பின்னால் ஓர் அதிகாரி வாளை உயர்த்தி உத்தரவு கொடுக்கிறார். இடது பக்கம் கையில் ஒரு குச்சிகூட இல்லாத ஜனங்கள் ரத்தம் வழிய விழுகிறார்கள். யார் கெட்டவர் என்று கேட்டால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லிவிடும்.

அதற்காகத்தான் இப்படி வரைந்திருக்கிறார்கள். 1770-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் ஊர் ஜனங்களைச் சுட்ட ‘பாஸ்டன் படுகொலை’ இது. படத்தில் பாதி பொய்!

என் அக்கா குடும்பம் கலிபோர்னியாவில் இருக்கிறது. அக்கா மகள் ஐந்தாம் வகுப்பு. வீடியோ காலில் இந்தப் படத்தைக் காட்டி, “மாமா, இதை வரைஞ்சவர் உங்களை என்ன நினைக்க வைக்கப் பார்க்கிறார்? மூணு விஷயம் சொல்லுங்க” என்றாள். வீட்டுப்பாடத்தை என் தலையில் கட்டுகிறாள் என்று தெரிந்தும் உட்கார்ந்தேன். இரண்டு சொல்லிவிட்டு முழித்தேன். அவள் ஐந்து சொன்னாள். நான் படித்த காலத்தில் வரலாற்றுப் புத்தகத்துப் படத்தைச் சந்தேகப்படு என்று யாரும் சொன்னதில்லை. படத்தில் இருப்பவருக்கு மீசை வரைந்ததோடு சரி.

அமெரிக்காவில் நாடு முழுவதற்கும் ஒரே பாடத்திட்டம் கிடையாது, மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிபோர்னியாவில் நாடு உருவான கதை ஐந்தாம் வகுப்பில் ஒரு முறை, எட்டாம் வகுப்பில் இன்னொரு முறை வரும். பழைய ஆவணத்தைக் கையில் கொடுத்து, ‘எழுதியது யார், எப்போது, எதற்காக’ என்று பிள்ளைகளையே கேட்க வைக்கும் முறை இப்போது பல வகுப்புகளில் இருக்கிறது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பர்க் என்ற பேராசிரியர் தொடங்கிய குழு இப்படிப்பட்ட பாடங்களை இலவசமாகவே போட்டது.

இப்போது பின்னணி. போரடிக்கும், ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். 1763-இல் பிரான்சோடு நடந்த போர் முடிந்தது, பிரிட்டனுக்குத் தலைக்கு மேல் கடன், அதை அடைக்க அமெரிக்காவில் இருந்த தன் காலனிக்காரர்கள் மேல் வரி, 1765-இல் முத்திரைத்தாள் வரி, 1767-இல் டவுன்ஷெண்ட் வரிகள், பாஸ்டனில் கலவரம், 1768-இல் ஊருக்குள் பட்டாளம். அவ்வளவுதான்!

இதில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். பாஸ்டன் 15,000 பேருக்குக் கொஞ்சம் அதிகமாக இருந்த ஊர். பட்டாளத்துக்காரனுக்குச் சம்பளம் போதாது. அதனால் ஓய்வு நேரத்தில் ஊரில் கூலி வேலை தேடுவான், அதுவும் குறைந்த கூலிக்கு. உள்ளூர்த் தொழிலாளிக்கு எரியுமா எரியாதா? 1770 மார்ச் 2-ஆம் தேதி கயிறு திரிக்கும் பட்டறை ஒன்றில் இரண்டு தரப்புக்கும் அடிதடி. அந்த அடிதடியில் இருந்த சிப்பாய் மாத்யூ கில்ராய். அங்கே வேலை பார்த்த தொழிலாளி சாமுவேல் கிரே. இரண்டு பெயரையும் மறக்காதீர்கள்.

மூன்று நாள் கழித்து, மார்ச் 5. இரவு, தெருவெல்லாம் பனி. கிங் ஸ்ட்ரீட்டில் சுங்க அலுவலக வாசலில் ஹியூ ஒயிட் என்ற சிப்பாய் தன்னந்தனியாகக் காவல் நிற்கிறான். அந்தப் பக்கம் போன ஓர் அதிகாரியைப் பார்த்து டோப்பாக் கடைப் பையன் ஒருவன், “எங்க முதலாளிக்கு முடி அலங்காரம் பண்ணின காசு தராத ஆளு இவர்தான்” என்று கத்துகிறான். அவர் ஏற்கெனவே கொடுத்துவிட்டிருந்தார், அது வேறு கதை. ஒயிட்டுக்குக் கோபம் வந்து, துப்பாக்கியால் பையன் தலையில் ஒரு போடு. பையன் அழ, கூட்டம் சேர்ந்துவிட்டது. டோப்பாக் கடை பாக்கியால் ஒரு நாடே பிறந்தது என்று தலைப்பு வைக்கலாமா என்றுகூட யோசித்தேன். மனசாட்சி விடவில்லை.

யாரோ தேவாலய மணியை அடித்தார்கள். அந்தக் காலத்தில் ராத்திரி மணி அடித்தால் எங்கோ தீப்பிடித்திருக்கிறது என்று அர்த்தம். வாளியோடு ஓடி வந்தவர்களும் உண்டு. “ஃபயர்! ஃபயர்!” என்று கத்திக்கொண்டே வருகிறார்கள். இதற்குள் கேப்டன் தாமஸ் பிரெஸ்டன் ஒயிட்டை மீட்க ஏழு பேரோடு வந்துவிட்டார். அதில் ஒருவன் அந்தக் கயிற்றுப் பட்டறை அடிதடி கில்ராய். கூட்டம் பனியுருண்டை, ஐஸ் கட்டி, சிப்பி ஓடு, கையில் கிடைத்ததையெல்லாம் எறிகிறது. சிலர் கையில் தடி. “சுடுடா பார்க்கலாம்” என்று சவால் விடுகிறார்கள். ஆங்கிலத்தில் அதற்கும் அதே ‘ஃபயர்’தான்!

இந்த இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். தீக்கும் அதே சொல், சவாலுக்கும் அதே சொல், ராணுவ உத்தரவுக்கும் அதே சொல். ஒருவேளை கேப்டன் “டோன்ட் ஃபயர்” என்று சொல்லியிருந்தாலும் அந்தச் சத்தத்தில் சிப்பாய் காதில் கடைசிச் சொல்தான் விழும். தமிழில் ‘தீ’ என்றால் தீ, ‘சுடு’ என்றால் சுடு. இந்தக் குழப்பமே வந்திருக்காது. என்ன, நம் ஆட்களில் ஒருவர் தோசையை நினைத்திருப்பார்.

பறந்து வந்த ஒரு தடி பட்டு மான்ட்கோமரி என்ற சிப்பாய் விழுந்தான். எழுந்து சுட்டான். மற்றவர்களும் சுட்டார்கள். மூன்று பேர் அங்கேயே பிணம். அதில் ஒருவர் அந்தக் கயிற்றுப் பட்டறை சாமுவேல் கிரே. அடுத்த நாள் காலை 17 வயசுப் பையன் ஒருவன், ஒன்பது நாள் கழித்து பேட்ரிக் கார் என்ற அயர்லாந்துக்காரர். மொத்தம் ஐந்து உயிர்.

இப்போது படத்துக்குத் திரும்புவோம்.

[திரையில்: படத்தின் பகுதிகள் ஒவ்வொன்றாகப் பெரிதாகும்]

நடந்தது ராத்திரி. வண்ணம் பூசிய பிரதிகளில் வானம் நீலமாக இருக்கிறது. பனியைக் காணோம், தடியைக் காணோம். சுங்க அலுவலகத்தின் மேல் ஒரு பலகை, அதில் ‘கசாப்புக் கூடம்’ என்று எழுதியிருக்கிறது. அப்படி ஒரு பலகை அங்கே இருந்ததே இல்லை! எனக்கு வயிற்றைப் பிசைவது இன்னொன்று. முதலில் விழுந்தவர்களில் ஒருவர் கிரிஸ்பஸ் அட்டக்ஸ், ஆப்பிரிக்க, பூர்வகுடி வம்சம் கலந்த கப்பல் தொழிலாளி. வண்ணப் பிரதிகளில் பெரும்பாலும் செத்துக் கிடப்பவர்கள் எல்லாரும் வெள்ளையர்களே. அவரை நிறம் மாற்றியே சாகடித்துவிட்டார்கள்.

இதையெல்லாம் பண்ணியது வெள்ளிப் பாத்திரம் செய்யும் கைவினைஞர் பால் ரிவியர், பிரிட்டிஷ் எதிர்ப்பு அணியின் தீவிர ஆள். சம்பவம் நடந்த மூன்றே வாரத்தில் படம் விற்பனைக்கு வந்துவிட்டது.

இப்போது தலைப்புக்கு வருவோம். முதலில் வரைந்தது அவர் இல்லை! ஹென்றி பெல்ஹம் என்ற இளைஞர் வரைந்து ரிவியரிடம் காட்டியிருக்கிறார். ரிவியர் அதைப் பார்த்துச் செதுக்கி, பெல்ஹமுக்கு முன்னால் சந்தைக்குக் கொண்டுவந்துவிட்டார். மார்ச் 29 தேதியிட்டு பெல்ஹம் எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. நடுரோட்டில் என்னை வழிப்பறி செய்ததற்குச் சமம் இது என்று பொரிந்து தள்ளியிருக்கிறார். சுட்ட பழம் வேண்டுமா, சுடாத பழம் வேண்டுமா என்று ஔவையாரைக் கேட்ட முருகன் மாதிரி ஒருவர் பாஸ்டன் கடைவீதியில் நின்று கேட்டிருக்க வேண்டும். பெல்ஹம் பின்னாளில் பிரிட்டிஷ் பக்கம் சாய்ந்துவிட்டார். நானாக இருந்தாலும் சாய்ந்திருப்பேன். நம் வீடியோவை வெட்டி வேறு சேனலில் போடுகிறவர்களே, உங்களைத்தான் சொல்கிறேன். அப்படியே ஒரு லைக்கும் போட்டுவிடுங்கள்.

சரி, படம் பொய் என்று தெரிந்ததும் வகுப்பில் பிள்ளைகள் அப்படியே மறுபக்கம் சாய்வார்கள். டீச்சர் கேப்டன் பிரெஸ்டனின் வாக்குமூலத்தைக் கொடுப்பார். ‘நான் துப்பாக்கி முனைகளுக்கு முன்னால் நின்றிருந்தேன், சுடச் சொன்னால் முதலில் சாவது நான்தானே’ என்பது அதன் சாரம். நல்ல வாதம், இல்லையா? அக்கா மகளும், “கேப்டன் பாவம் மாமா” என்றாள். நல்ல டீச்சர் அங்கே விட மாட்டார். இதை அவர் எங்கிருந்து எழுதினார்? சிறையிலிருந்து. குற்றம் உறுதியானால்? தூக்கு. அப்படியானால் பொய் சொல்ல அவருக்குக் காரணம் இல்லையா? இந்த ஒரு கேள்விக்காகவே இந்தப் பாடத்தை நான் ஆதரிக்கிறேன். படத்தைச் சந்தேகப்படுவது சுலபம். நமக்குப் பிடித்துப்போன சாட்சியைச் சந்தேகப்படுவதுதான் கஷ்டம்.

அடுத்து வழக்கு. சிப்பாய்களுக்காக வாதாடியவர் ஜான் ஆடம்ஸ், பின்னாளில் அமெரிக்காவின் இரண்டாவது ஜனாதிபதி. ஊரே கொதித்துக்கொண்டிருந்தபோது எதிரிக்கு வக்கீல்! கூட வாதாடியவர் ஜொசையா குவின்ஸி. அரசுத் தரப்பில் நின்றவர் அவருடைய சொந்த அண்ணன் சாமுவேல் குவின்ஸி. சீரியல் எடுக்கிறவர்கள் கவனிக்கவும். சிப்பாய்கள் வழக்கின் ஜூரியில் பாஸ்டன்காரர் ஒருவர்கூட இல்லை. சாகக் கிடந்த பேட்ரிக் கார், ‘அயர்லாந்தில் கலவரத்தை அடக்க வந்த சிப்பாய்களைப் பார்த்திருக்கிறேன், சுடுவதற்கு முன் இவ்வளவு பொறுத்தவர்களைப் பார்த்ததில்லை’ என்று வைத்தியரிடம் சொன்னதும் சாட்சியமாக வந்தது.

ஆனால் ஆடம்ஸைத் தலையில் தூக்கி வைத்து ஆடவும் முடியாது. கூட்டத்தில் இருந்த கறுப்பர்கள், அயர்லாந்துக்காரர்கள், மாலுமிகள் என்று அடுக்கி, ஒழுங்கற்ற கும்பல் என்று பேசினார். பழியில் பெரும்பங்கை அட்டக்ஸ் மேல் போட்டார். இதையும் பிள்ளைகளுக்குப் படிக்கக் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து. சில வகுப்புகளில் நேரமில்லை என்று விட்டுவிடுகிறார்கள்.

தீர்ப்பில் கேப்டன் விடுதலை. எட்டு சிப்பாய்களில் ஆறு பேர் விடுதலை. மான்ட்கோமரி, கில்ராய் இருவருக்கும் கட்டைவிரலில் சூடு! பாதிரியார்களுக்கென்று இருந்த பழைய சலுகையைக் கேட்டுத் தூக்கிலிருந்து தப்பினார்கள். அதை ஒரு முறைதான் கேட்கலாம், மறுபடி கேட்டு வந்தால் தெரிவதற்குத்தான் அந்தச் சூடு.

பாஸ்டன்காரர்கள் வரியை எதிர்த்துத் தேயிலையைக் கடலில் கொட்டிய 1773 கதைக்குத் தனி வீடியோ வரும். கடலில் கொட்டிய தேயிலை, சென்னைக் கோட்டையில் உட்கார்ந்திருந்த அதே கிழக்கிந்தியக் கம்பெனியுடையது. மிச்சம் அங்கே.

கில்ராய் குறி வைத்துத்தான் கிரேயைச் சுட்டானா? அக்கா மகள் வகுப்பில் ஜூரி மாதிரி உட்கார்ந்து ஓட்டுப் போட்டிருக்கிறார்கள். அவள் எந்தப் பக்கம் என்று என்னிடம் சொல்லவில்லை, “முதல்ல நீங்க ஆதாரத்தைப் படிங்க மாமா” என்று சொல்லிவிட்டாள். உங்கள் ஓட்டைக் கமென்டில் போடுங்கள்.

[திரையில்: படத்தின் கீழ்ப்பகுதி பெரிதாகும்]

அப்புறம் ஒன்று. துப்பாக்கி வெடிக்கிறது, ஜனங்கள் சாகிறார்கள், நடுவில் ஒரு குட்டி நாய் எதுவுமே நடக்காத மாதிரி நிற்கிறது பாருங்கள். நான் சொல்லாமல் விட்ட மூன்றாவது விஷயம் இதுதான்.