பாண்டியில ரெண்டு பேருக்கு வீடு பாக்கறீங்களா? முதல்ல கரையைப் பாருங்க!

"கடலுக்கு 2 நிமிஷ நடை." பாண்டிச்சேரியில நாள் வாடகைக்கு விடற சின்ன வீடுங்க விளம்பரத்துல அடிக்கடி பாக்கற வரி இது. சரி, நடந்து போய் நின்னா காலுக்குக் கீழ மணல் இருக்குமா, கருங்கல் இருக்குமா?

வணக்கம் மக்களே! வீட்டைப் பத்தி சட்டுனு சொல்லிடறேன். ஒரு ரூம், பாத்ரூம், ரெண்டு பர்னர் அடுப்பு, சின்ன ஃப்ரிட்ஜ். புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் நாலு நாள் தங்கி, சொந்தமா சமைச்சு சாப்பிடலாம். அவ்ளோதான்.

இப்ப கரைக்கு வாங்க.

(காட்சி: பீச் ரோடு, விடியற்காலை, கல்லுல அலை மோதுது)

நம்ம ஊர் கரையில மணல் ஒரே இடத்துல இருக்கறதில்ல, நடக்கும். தென்மேற்குக் காத்து அடிக்கற மாசங்கள்ல அலை சாய்வா வந்து விழும். விழற ஒவ்வொரு அலையும் மணலைக் கொஞ்சம் வடக்க தள்ளிவிடும். வருஷக் கணக்குப் பாத்தா வடக்க போறதுதான் அதிகம். 1980-கள் கடைசியில அரியாங்குப்பம் ஆத்து முகத்துவாரத்துல துறைமுகத்துக்காக அலைத்தடுப்புச் சுவர் வந்துச்சு. தெக்கேருந்து வந்த மணல் அங்கயே தேங்கிடுச்சு. வடக்க மணல் வரவு நின்னுபோச்சு, அலை தள்ளிட்டுப் போற செலவு நிக்கல. ஊரைக் காப்பாத்த கல்லைக் கொட்டினாங்க. கல் முடிஞ்ச இடத்துலேருந்து கடல் அரிக்க ஆரம்பிச்சுது, அங்கயும் கல். இப்படியே குப்பம் குப்பமா கோட்டக்குப்பம், சின்னமுதலியார்சாவடி வரைக்கும் போயிடுச்சு. வீட்டை இழந்த மீனவக் குடும்பங்களை நினைச்சா மனசு ஆறல.

அப்புறம் 2018-ல தலைமைச் செயலகத்துக்கு எதிர்த்தாப்புல, தண்ணிக்கு அடியில ஆப்பு மாதிரி ஒரு பெரிய இரும்புத் திட்டை இறக்கினாங்க. மணல் திரும்பி வந்துச்சு! பல வருஷம் கழிச்சு அங்க பிள்ளைங்க மணல்ல விளையாடினதைப் பாத்து நான் அழுதுட்டேன்.

அதனால வீட்டு ஓனர்கிட்ட ரூம் போட்டோ கேக்காதீங்க. இந்த மாசம் எடுத்த கரை போட்டோ கேளுங்க. மணல்தான் வேணும்னா தெக்க வீராம்பட்டினம் பக்கம் தேடுங்க. வடக்க செரினிட்டி பீச் பக்கம் எடுத்தா, நீங்க தூங்கறது தமிழ்நாட்டுல, விழுப்புரம் மாவட்டத்துல!

அடுத்தது அடுப்படி. போன வருஷம் நானும் எங்க வீட்டுக்காரரும் ஒரு வீடு எடுத்தோம். பெரிய மார்க்கெட்டுல செவுளைத் தூக்கிப் பாத்து, ரத்தச் செவப்பா இருந்த சங்கரா ஒரு கிலோ வாங்கி, அங்கயே அக்காகிட்ட அரிவாள்மனையில ஆஞ்சு வாங்கிட்டு வந்தோம். அடுப்பைத் திருகினா "புஸ்"னு கூட சத்தம் வரல. சிலிண்டர் காலி. ஓனர் போனை எடுக்கல. பக்கத்து வீட்டு அக்கா மீனை வாங்கி, அவங்க மண்சட்டியில மாங்கா போட்டுக் குழம்பு வெச்சுக் குடுத்தாங்க. பணம் குடுக்கறதுக்கு முன்னாடி சிலிண்டரை ஆட்டிப் பாத்துடுங்க.

ஏப்ரல் 15-லேருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகுக்குத் தடை. அப்ப பெரிய மீன் விலை ஏறும், ஃபைபர் படகுல வர்ற நெத்திலி, மத்தியை வாங்குங்க.

வைத்திக்குப்பம், சோலை நகர் மக்களே, உங்க வீட்டு ஆல்பத்துல பழைய மணல் கரை போட்டோ இருந்தா கண்டிப்பா அனுப்புங்க. அடுத்த வீடியோவுல இன்னைய கரைக்குப் பக்கத்துல வெச்சுக் காட்டறேன்.