ரெண்டு சின்டாக்ஸ் எக்ஸ்டென்ஷன் சேர்ந்தா ஏன் உடையுது?

வணக்கம் மக்களே! ஒரு வாரமா மண்டைக்குள்ள சுத்திட்டு இருக்கிற விஷயம், இன்னைக்குப் பேசிடலாம்.

ஜாவால எழுதுறீங்கன்னு வச்சுக்கோங்க. ஒரு சின்டாக்ஸ் எக்ஸ்டென்ஷன், அதாவது மொழிக்குப் புது எழுத்துமுறை சேர்க்கிற துணைக்கருவி, போட்டா எஸ்கியூஎல் குவெரியை (டேட்டாபேஸ்கிட்ட கேட்கிற கேள்வி) ஸ்ட்ரிங்குக்குள்ள அடைக்காம நேரா கோடாவே எழுதலாம். இன்னொண்ணு, மேட்ரிக்ஸ் கணக்குக்குப் புது எழுத்துமுறை தருது. தனித்தனியா ரெண்டும் அருமையா ஓடுது. ஒண்ணா சேர்த்தா, கோடோட அமைப்பைப் படிச்சுப் பிரிக்கிற பார்சரே உருவாகாது, ஷிஃப்ட்-ரெட்யூஸ் கான்ஃப்ளிக்ட்! அதாவது, அடுத்த சொல்லையும் சேர்த்துப் படிக்கணுமா, இதுவரை படிச்சதை ஒரு அமைப்பா முடிக்கணுமான்னு தெரியாத குழப்பம். எழுதின ரெண்டு பேருக்கும் ஒருத்தரை ஒருத்தர் தெரியாது. மாட்டிக்கிறது, கிராமரே (மொழியோட இலக்கண விதிகள்) பார்த்திராத நீங்க. இது நியாயமே இல்ல.

ஏன் இப்படின்னா, கான்டெக்ஸ்ட்-ஃப்ரீ கிராமர் (சுத்தி என்ன இருக்குன்னு பார்க்காம விதிகள் பொருந்துற வகை) ரெண்டைச் சேர்த்தா வர்றதும் கான்டெக்ஸ்ட்-ஃப்ரீதான். ஆனா அதுலயே எல்ஏஎல்ஆர் கிராமர் (அடுத்த ஒரு சொல்லைப் பார்த்தே பார்சர் குழப்பமில்லாம முடிவெடுக்கக்கூடிய வகை) ரெண்டைச் சேர்த்தா எல்ஏஎல்ஆராவே இருக்கும்னு எந்த உத்தரவாதமும் கிடையாது. சரி, ஒரே கோடுக்கு ரெண்டு அர்த்தம் வருதான்னு சோதிக்கலாமேன்னா, எல்லா கிராமருக்கும் பொதுவா அதைக் கண்டுபிடிக்கிற அல்காரிதமே இருக்க முடியாது.

பிரையன் ஃபோர்ட் 2004ல கொண்டுவந்த பெக் (PEG) கிராமர்ங்கிற வேற வகைல இந்த எர்ரர் வராது. பொருந்துற விதிகள்ல முதல்ல எழுதினது ஜெயிக்கும், அவ்வளவுதான். எனக்கு அது இன்னும் பயம். இம்போர்ட் வரிசை மாறினா கோடோட அர்த்தம் சத்தமில்லாம மாறலாம்.

என்னை அசத்தினது 2009ல மினசோட்டா பல்கலைக்கழகத்துல இருந்து ஷ்வெர்ட்ஃபெகரும் வான் வைக்கும் சொன்ன வழி. எக்ஸ்டென்ஷன் எழுதுறவர் அதை மூல மொழியோட (நம்ம உதாரணத்துல ஜாவா) மட்டும் சேர்த்து ஒரு சோதனை ஓட்டணும். அதுல பாஸ் ஆனதை எத்தனை வேணா சேருங்க, கான்ஃப்ளிக்ட் வராதுன்னு நிரூபிச்சிருக்காங்க! ஆக, வேலை யார் தலைல விழணுமோ அவங்க தலைலயே விழுது.

இதுக்கு விலை இருக்கு. ஒவ்வொரு புது அமைப்பும் தனக்குன்னு ஒரு அடையாளச் சொல்லோடதான் ஆரம்பிக்கணும். மூல மொழியோட அடைப்புக்குறியிலேயே டியூப்பிளை (பல மதிப்புகளை ஒண்ணா கட்டுற அமைப்பு) தொடங்க ஆசைப்பட்டா நடக்காது. கோடைச் சொல் சொல்லா பிரிக்கிற ஸ்கேனரும் இடம் பார்த்து வேலை செய்யுது, அதனால குவெரிக்குள்ள மட்டும்தான் செலக்ட் கீவேர்ட். வெளியே உங்க வேரியபிளுக்கு அந்தப் பேரைத் தாராளமா வைக்கலாம். ரெண்டு எக்ஸ்டென்ஷனும் ஒரே அடையாளச் சொல்லை எடுத்துட்டா? நீங்க முன்னாடி ஒரு ப்ரிஃபிக்ஸ் போட்டுப் பிரிச்சுக்கலாம், கிராமரைத் தொட வேண்டாம்.

ரஸ்ட் மொழில மேக்ரோ (கோடையே உருவாக்கித் தர்ற கோடு) பேருக்குப் பின்னாடி ஆச்சரியக்குறி வருதே, அதையும் இந்தக் கண்ணோட ஒரு தடவை பாருங்க.