திராட்சைத் தோலும் கெட்டுப்போன மத்தியும்

வணக்கம் மக்களே. பின்னால் சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள், மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்துதான் பேசுகிறேன். இந்தத் தட்டில் காய்வது வடாம் இல்லை, பன்னீர் திராட்சைத் தோல். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஜூஸ் கடையில் வடிகட்டிக் கொட்டுவதைக் கேட்டு வாங்கி வந்தேன், அண்ணன் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மாட்டுக்கா தம்பி?" என்றார்.

நம்ம வடஆற்காடு பக்கம் தோல் என்றால் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைதான் ஞாபகம் வரும். குரோமியம் என்கிற ரசாயனம் வருவதற்கு முன்னால் அந்தத் தோலை ஆவாரம்பட்டை, கடுக்காய் ஊறிய சாற்றில்தான் பதப்படுத்தினார்கள். பட்டையிலிருந்தும் காயிலிருந்தும் வேண்டியதைத் தண்ணீரில் இறக்குவது இந்த ஊருக்குப் புதுசு இல்லை. நான் இறக்கப்போவது நிறம், அவ்வளவுதான் வித்தியாசம். அந்த நிறத்தை வைத்து, மீன் கெட்டால் காட்டிக்கொடுக்கிற மெல்லிய படலம் செய்யப் போகிறேன்.

திராட்சை, நாவல்பழத் தோலில் இருக்கிற சாயத்துக்கு ஆந்தோசயனின் என்று பெயர். புளிப்பில் சிவப்பு, நடுவில் ஊதா, காரத்தில் நீலம், பச்சை. பள்ளிக்கூடத்தில் செம்பருத்திப் பூவைக் கசக்கிச் சோப்புத் தண்ணீரில் போட்டுப் பார்த்திருப்பீர்களே, அதே சங்கதி. மிட்டாய்க்கும் ஜாமுக்கும் போடும்போது இப்படி நிறம் மாறுவது பெரிய தலைவலி. ஆனால் உணவு பேக்கிங்குக்கு அந்தக் குணம்தான் வேண்டும். மீன் கெடும்போது அம்மோனியா மாதிரி காரமான ஆவி கிளம்பும், டப்பாவுக்குள் ஒட்டிய சாயப் படலத்தின் துண்டில் அது பட்டால் நிறம் மாறும், மூடியைத் திறக்காமலே விஷயம் தெரிந்துவிடும். பால் என்றால் நேர்மாறு, புளிக்கப் புளிக்கச் சிவப்புக்குப் போகும்.

சரி, செய்முறை. தோலை நல்லா கழுவி நிழலில்தான் காயவைக்க வேண்டும், நம்ம ஊர் வெயில் நேராகப் பட்டால் சாயம் வெளுத்துவிடும். அப்புறம் எவர்சில்வர் பாத்திரத்தில், மூழ்குகிற அளவு தண்ணீர், கொஞ்சம் எலுமிச்சைச் சாறு, 50 முதல் 60 டிகிரி சூட்டில் அரை மணி நேரம். கொதிக்க விடாதீர்கள், சாயம் செத்துவிடும். இரும்புச் சட்டியும் வேண்டாம், இரும்பு பட்டால் நிறம் வேறு பக்கம் திரும்பிவிடும். தண்ணீரிலும் கவனம்: முதல் தடவை எங்கள் வீட்டு போர் தண்ணீரில், எலுமிச்சை இல்லாமல் ஊறவைத்தேன், சிவப்பு வரும் என்று பார்த்தால் மைக்கூட்டைக் கழுவின தண்ணீர் மாதிரி ஒரு மங்கல் நீலம், உப்புத் தண்ணீரில் இருக்கிற காரத்தின் வேலை. அடுத்த தடவை கேன் தண்ணீர்.

படலத்துக்கு மரவள்ளி மாவு, அதாவது ஸ்டார்ச், 5 கிராம், தண்ணீர் 100 மில்லி, மெடிக்கலில் வாங்கின கிளிசரின் 2 கிராம். கஞ்சியாகக் காய்ச்சி, வெதுவெதுப்புக்கு வந்தபிறகு சாயத்தைக் கலந்து தட்டில் ஊற்றிக் காயவிட்டால் உரித்து எடுக்கலாம். கிளிசரின் இல்லாவிட்டால் அப்பளம் மாதிரி நொறுங்கும்.

இனி நான் சொதப்பின கதை. நிறம் பளிச்சென்று வரட்டும் என்று எலுமிச்சையை இஷ்டத்துக்குப் பிழிந்துவிட்டேன். டப்பாவில் ஒரு துண்டு மத்தியை வைத்து, மூடியின் உள்பக்கம் படலத்தை ஒட்டி, காலையிலிருந்து சாயங்காலம் வரை வெளியிலேயே விட்டேன். மீன் நாறி அம்மா திட்ட ஆரம்பித்துவிட்டார்கள், படலம் மட்டும் ரோஜா நிறத்தில் சிரிக்கிறது. வந்த அம்மோனியாவையெல்லாம் எலுமிச்சைப் புளிப்பே தின்றுவிட்டால் சாயத்துக்கு என்ன மிஞ்சும்? இரண்டாவதில் புளிப்பைக் குறைத்தேன், நிறம் மாறியது, ஆனால் மீனின் ஈரத்தில் படலமே கொழகொழவென்று கையோடு வந்துவிட்டது. ஸ்டார்ச்சின் பலவீனமே ஈரம்தான்.

மாதுளைத் தோலை ஏன் விட்டாய் என்று கேட்பீர்கள். வெளியே சிவப்பாக இருந்தாலும் வேகவைத்தால் பெரும்பாலும் மஞ்சள், பழுப்புதான் இறங்கும், அதில் டானின் என்கிற துவர்ப்புச் சரக்கு அதிகம். கிருமியை அடக்கும் படலத்துக்கு ஆகும், நிறம் காட்டும் வேலைக்கு ஆகாது. மாம்பழத் தோலின் மஞ்சள் எண்ணெயில் கரைகிற சரக்கு, வெறும் தண்ணீரில் சரியாக இறங்காது.

அப்புறம், பழக் கழிவு என்றதுமே சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று நம்பிவிடாதீர்கள். ஈரத் தோல் இந்தச் சூட்டில் ஒரே நாளில் புளித்துவிடும். லாரியில் ஏற்றி, மெஷினில் உலர்த்தி, லிட்டர் கணக்கில் ஆல்கஹால் ஊற்றிச் சாயத்தை எடுத்தால் மிச்சம் பிடித்தது எங்கே? தண்ணீரில் எடுப்பது, இல்லையென்றால் ஆல்கஹாலைக் காய்ச்சி வடித்துத் திரும்பப் பயன்படுத்துவது, அல்லது அல்ட்ராசவுண்டு அலையால் செல் சுவரை உடைத்துக் குறைந்த சூட்டில் சீக்கிரம் முடிப்பது, இதெல்லாம்தான் கணக்கில் தேறும். அதுவும் கழிவு மொத்தமாக விழுகிற ஜூஸ் ஆலை வாசலிலேயே நடக்க வேண்டும், தெருத்தெருவாகப் பொறுக்கினால் என்னை மாதிரி வீடியோ போடத்தான் லாயக்கு. இன்னொன்று, வீட்டில் செய்த இந்தத் துண்டை நம்பி மீன் சாப்பிடலாமா வேண்டாமா என்று முடிவு பண்ணாதீர்கள், மூக்கையே நம்புங்கள்.

மூன்றாவது படலம் இதோ, டப்பாவில் காலை எட்டு மணியிலிருந்து இருக்கிறது. மீனுக்குப் படாமல் மூடியின் நடுவில் சின்னதாக ஒட்டினேன். இப்போது மணி நாலு, ஓரத்திலிருந்து ஊதா ஏறுகிறது, தெரிகிறதா? திறந்து காட்ட மாட்டேன், அம்மா கீழேதான் இருக்கிறார்கள்.